வீட்டுக்காரர் நம்பர்

சந்தோஷமாக இருக்கிறவள் பத்துக்கு நாலுதான் போடுவாள். இதை எந்த ஆராய்ச்சிக்காரரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. செஞ்சியில் முப்பத்தெட்டு வீட்டுப் படியேறி, வெயிலில் காய்ந்து, நானாகத் தெரிந்துகொண்டேன். பத்துக்குப் பத்து போடுகிறவளைப் பார்த்தால் இப்போதெல்லாம் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

வேலை இதுதான். கல்யாண வாழ்க்கையில் யாருக்கு எவ்வளவு திருப்தி, அது எதனால் வருகிறது என்று முப்பது சொச்சம் நாடுகளில் ஒரே சமயத்தில் ஆய்வு செய்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு ஆள் நான். பெயர் வெண்மதி, ஊர் சிங்கவரம், படிப்பு எம்.ஏ., கையில் கம்பெனி கொடுத்த, சிலேட்டு அளவுக்கு இருக்கிற டேப் கம்ப்யூட்டர். அதில் நாற்பத்து நாலு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் வாங்க வேண்டும். மனைவியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும், புருஷன் காதில் விழக் கூடாது. பயிற்சி கொடுத்த சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி சார், சில நாடுகளில் காதல் பெரிது, சில நாடுகளில் வேலை பெரிது, சில நாடுகளில் மாமியார் எத்தனை மைல் தள்ளி இருக்கிறாள் என்பதே பெரிது என்று போர்டில் எழுதிக் காட்டினார். நம் ஊரில் எது சார் பெரிது என்று கேட்டேன். "அதக் கண்டுபுடிக்கத்தாம்மா உனக்குச் சம்பளம்" என்றார்.

எனக்கு அதைப் புரியவைத்தவள் ஹுசைன் பீ அக்கா. அவள் வீட்டுக்காரர் அன்வர் பாஷா பாய் பக்கெட், குடம், நாற்காலி என்று பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். புதன்கிழமையானால் அவலூர்பேட்டை சந்தைக்கு வண்டி போட்டுக்கொண்டு போய்விடுவார். நான் போன அன்று வீட்டில்தான் இருந்தார். வெளியே அனுப்புங்கள் என்று அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அவரு எங்கடி போவாரு, முட்டி வலி. நீ கேளு."

"உங்கள் கணவருடன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?"

"இந்த மனுசனோடயா? ரெண்டு போடு. நேத்து மீனு வாங்கினு வாய்யான்னா கருவாடு வாங்கினு வந்து நிக்கறாரு."

உள்ளே இருந்து பாய் குரல் கொடுத்தார். "ரெண்டு ஜாஸ்தி. ஒண்ணு போடும்மா."

இப்படியே நாற்பத்து நாலு கேள்விக்கும் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். கடைசியில் பெரிய மனது பண்ணி நாலு என்றாள். என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தவள் காதோரம் குனிந்தாள். "நான் சாப்டாம அந்த மனுசன் ஒரு நாளும் சாப்ட்டது இல்ல தங்கச்சி. இருவத்தஞ்சு வருசம் ஆவுது. பத்து போட்டா கண்ணு பட்டுரும், நாலு போதும்."

எல்லாத் தெருவிலும் இதே கதைதான். சாமி வேறு, சாப்பாடு வேறு, தாலி வேறு, கருகமணி வேறு. புருஷனைத் திட்டுகிறபோது வருகிற குரல் மட்டும் ஒன்றே. காலனியில் மீனம்பாள் என்கிற டீச்சரம்மா தன் வீட்டுக்காரருக்கு மூன்று கொடுத்துவிட்டு, அவர் வந்ததும் தட்டில் முதல் தோசையை வைத்தாள். பயமில்லாமல் திட்டுவதற்கு இடம் கொடுக்கிற வீடுதான் நல்ல வீடு என்று நான் என் நோட்டில் எழுதிவைத்தேன். அந்தக் கணக்கில் என் வீடு மிக நல்ல வீடு. ஆட்டோ ஓட்டுகிற என் புருஷன் இனியனை நான் திட்டாத நாள் இல்லை.

ஒவ்வொரு படிவத்திலும் கடைசி வரி, பதில் சொன்னவரின் போன் நம்பர். எந்தப் பெண்ணும் தன் நம்பரைச் சொன்னதில்லை. பாதிப் பேருக்குத் தனி போன் கிடையாது, மீதிப் பேருக்கு நம்பர் மனப்பாடம் இல்லை. "வீட்டுக்காரர் நம்பர் எழுதிக்கோங்க" என்று கடகடவென ஒப்பிப்பார்கள். நானும் எழுதிக்கொள்வேன். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. யோசிக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று நாங்கள் வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்துவிட்டு வருவோம். அதில் நான் எழுதிக்கொடுத்தது இனியன் நம்பர். கண்டவன் எல்லாம் குட் மார்னிங் அனுப்புவான் என்று பயம்.

ஹுசைன் பீ அக்காவின் எதிர்வீடு மணிமொழியுடையது. கதவைத் திறந்தவன் அவள் கணவன் அன்புமணி. உரக்கடை வைத்திருக்கிறவன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் அத்தனை பணிவு. விஷயத்தைச் சொன்னதும் கை கூப்பினான்.

"நல்ல காரியம் மேடம். கேளுங்க. எங்களுக்குள்ள ஆறு வருசமா ஒரு சண்டை கெடையாது. நான் வெளிய இருக்கேன்."

அவனாகவே போனான். போய், ஜன்னலுக்கு நேர் கீழே பைக்கை நிறுத்தி, அதன் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். மணிமொழிக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வீடு கடைத்தெரு ஷோரூம் மாதிரி சுத்தமாக இருந்தது. நான் கேள்வியை முடிக்கும் முன்னால் அவளிடமிருந்து பத்து வந்துவிடும். பத்து, பத்து, பத்து. பதினேழாவது கேள்வி, கணவரைக் கண்டு எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்பது. அதற்கும் பத்து என்றாள்.

"பத்துன்னா ரொம்ப பயம்னு அர்த்தம்ங்க" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. "எது நல்லதோ அதப் போடுங்க மேடம்" என்றாள்.

பூஜ்யம் போட்டேன். போன் நம்பர் கேட்டதும் அன்புமணியே ஜன்னலுக்கு வெளியிலிருந்து தன் நம்பரைச் சொன்னான். கிளம்பும்போது கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்றைப் பார்த்தேன். உள்ளே இருப்பதைவிடப் பெரியது. எதிர்வீட்டு ஹுசைன் பீ அக்காவிடம் கேட்டேன்.

"அந்த வீட்ல டிவி சத்தம் வரும், குக்கர் சத்தம் வரும். மனுச சத்தம் வராது தங்கச்சி" என்றாள் அவள்.

மறுநாள் சுந்தரமூர்த்தி சார் போன் பண்ணினார். "நாப்பத்து மூணு பத்தா? அப்படி ஒரு புருசன் எந்த நாட்லயும் இல்லம்மா. மெஷினே ஏத்துக்கல. திரும்பப் போய்க் கேளு."

இந்தத் தடவை பகல் பதினொரு மணிக்குப் போனேன், அவன் கடையில் இருக்கிற நேரம். கதவு வெளியே தாழிட்டு, பூட்டுப் போட்டிருந்தது. திரும்பலாம் என்று பார்த்தால் ஜன்னல் திறந்தது.

"ஜன்னல்லயே கேளுங்க மேடம். ரெண்டு மணிக்குத்தான் வருவாரு."

குடை பிடித்துக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்றேன். அவள் முதலில் ஒன்று கேட்டாள்.

"இது யாருக்குப் போவும்?"

"வெளிநாட்டுக்கு. உங்க பேரு போவாது, மார்க் மட்டுந்தான்."

"அவருக்குத் தெரியாதே?"

"தெரியாது" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் பூஜ்யம். கோபம் வந்தால் கணவரிடம் காட்ட முடிகிறதா என்ற கேள்விக்கு, "கோவமா?" என்று திருப்பிக் கேட்டாள், அந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவை கேட்கிறவள் போல. பதினேழாவது கேள்விக்குப் பத்து. அடிக்கிறாரா என்று கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"கையே வெக்க மாட்டாரு. சிரிச்சினே பேசுவாரு. அதான் மேடம்." கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. "வர அமாவாசைக்கு மலையனூர்க் கோயிலுக்குக் கூட்டினு போறாராம். அந்தக் கூட்டத்துல கைய வுட்டுட்டா உன்ன எவன் தேடப்போறான்னாரு. நீங்க தேட மாட்டீங்களான்னு கேட்டேன். மூணு நாளு தேடணும், அப்பத்தான் ஊரு நம்பும்னாரு. சிரிச்சினேதான் சொன்னாரு."

போலீசுக்குப் போகலாம், பூட்டை உடைக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். வேண்டாம் என்றாள். விளையாட்டுக்குக்கூடச் சொல்லியிருப்பார் என்றாள். பெண்கள் உதவி எண் நூற்று எண்பத்தொன்றைத் தாளில் எழுதி நீட்டினால், காகிதம் பார்த்துவிடுவார் என்று வாங்க மறுத்து, வாயால் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க எழுதிக்கினு போங்க. எங்கியாச்சும் எழுதி இருந்தா போதும்" என்றாள்.

சுந்தரமூர்த்தி சாரிடம் சொன்னேன். நம் வேலை கேட்பது, தீர்ப்பது இல்லை என்றார். வந்த கோபத்தில் டேப்பை அவர் மேல் எறிந்திருப்பேன், அவர் விழுப்புரத்தில் இருந்தார். நானும் ஹுசைன் பீ அக்காவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். அமாவாசையன்று அன்புமணி கடையை மூடிவிட்டு ஐந்து மணிக்குத்தான் கிளம்புவான் என்று மணிமொழி சொல்லியிருந்தாள். நான் நாலு மணிக்கே இனியனோடு வந்துவிடுவது. பூட்டை உடைத்து மணிமொழியைக் கூட்டிவந்து அக்கா வீட்டில் உட்காரவைத்து, உதவி எண்ணுக்குப் போன் போடுவது. அக்கா இதை ஜன்னல் வழியாக அவளிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

"இன்னா சொன்னா?"

"சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பாத்தினே இருந்தா."

அமாவாசை புதன்கிழமை வந்தது. அன்று எனக்குத் தொண்டூரில் ஆறு வீடு பாக்கி இருந்தது. மலையனூர்க் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்று இனியனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். மத்தியானம் பன்னிரண்டேமுக்காலுக்கு, சமணர் படுக்கை இருக்கிற பாறைக்குக் கீழே, புளியமரத்து நிழலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாய் எடுத்துவரச் சொன்னேன், மறந்திருந்தான். அதற்குத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இரு இரு, இன்னொண்ணும் மறந்துட்டேன், சேத்துத் திட்டு" என்றான். "நேத்து சாயங்காலம் உனக்கு ஒரு போன் வந்துச்சு. யாரோ உரக்கடைக்காரரு. மேடம் மேடம்னு அவ்ளோ மரியாதயா பேசுனாரு. அவரு சம்சாரம் எதையோ தப்பா சொல்லிடுச்சாம், திருத்தணுமாம்."

சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

"அப்புறம்?"

"நாளைக்கே வரச் சொல்லட்டான்னேன். வேணாம், நாளைக்கு ரெண்டு மணிக்கே கோயிலுக்குக் கெளம்பறோம், வெள்ளிக்கெழம வரச் சொல்லுங்க, அன்னிக்கு வீட்ல நான் மட்டுந்தான் இருப்பேன், நானே சொல்லிடறேன்னாரு."

டேப்பைத் திறந்து, இனியன் போனில் அந்த அழைப்பு வந்த நம்பரை ஒத்துப் பார்த்தேன். மணிமொழி படிவத்தின் கடைசி வரியில் அதே நம்பர், என் கையால் எழுதியது. சுந்தரமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன்.

"ஆமாம்மா, நேத்துதான் செக் பண்ணாங்க" என்றார். "முதல்ல எல்லாம் பத்து, அப்புறம் எல்லாம் பூஜ்யம். அத விடுவாங்களா? சென்னையில இருந்து ஒரு புதுப் பொண்ணு கூப்ட்டிருக்கு. ஆம்பள எடுத்து, சம்சாரம் குளிக்கறாங்க, என்கிட்டயே கேளுங்கன்னாராம். அதுவும் வெவரம் தெரியாம, உங்க மனைவி பயம்னு கேட்டதுக்குப் பத்து போட்டிருக்காங்க, சரியான்னு படிச்சிருக்கு. சரிதான், நான் பேசிக்கறேன்னு வெச்சுட்டாராம்."

படிவத்தில் நம்பர் இருப்பதே சரிபார்ப்பதற்குத்தான். பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள். மணி அப்போது ஒன்று ஐந்து.

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டு, விலாசம் எழுதிக்கொண்டு, பெண் போலீசை அனுப்பச் சொல்கிறோம் என்றார்கள். அதற்குள் அவன் கிளம்பிவிடக் கூடாது. ஹுசைன் பீ அக்காவிடம் சொல்லியாக வேண்டும். டேப்பில் பெயர்களைப் புரட்டினேன். அவள் பெயருக்கு எதிரே இருந்தது பாயின் நம்பர். பாய் அவலூர்பேட்டை சந்தையில் இருந்தார், போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதே தெருவில் நான் பேசிய இன்னும் ஐந்து பெண்களின் நம்பரைத் தேடினேன். எடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஒருவர் திண்டிவனத்தில், ஒருவர் சென்னையில் கட்டட வேலையில், ஒருவர் லாரியில். "வீட்ல பேசணுமா? சாயங்காலம் வந்துடுவேன், அப்ப பண்ணுங்க" என்றார்கள். முப்பத்தெட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் மனசில் இருப்பதையெல்லாம் எழுதி வாங்கியவள் நான். ஒருத்தியைக்கூடக் கூப்பிட என்னிடம் நம்பர் இல்லை.

ஆட்டோ கிளம்பிவிட்டிருந்தது. மூன்றாவது முறை அடித்தபோது பாய் எடுத்தார். சந்தை இரைச்சலில் பாதி அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

"அவளுக்கு ஏதும்மா போனு" என்றார். "எங்க தெரு மொனக் கடக்காரனுக்குப் போன் பண்ணி சொல்லி வுடறேன். இன்னா சொல்லணும்?"

"ரெண்டு மணிக்கே போறான், வுடாதன்னு சொல்லுங்க பாய். அவ்ளோதான்."

திண்டிவனம் ரோட்டைத் தொட்டதும் வண்டி நின்றது. மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக, எலுமிச்சம்பழ மாலையும் வேப்பிலையும் கட்டிய வேன்கள், நடந்து போகிறவர்கள், மஞ்சள் புடவைகள். எத்தனை ஆயிரம் பெண்கள். ஒரு கை நழுவினால் அதற்குள் யாரை எங்கே போய்த் தேடுவது? இனியன் மண்ணில் இறக்கி, வயல் ஓரமாக ஓட்டினான். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மதி, ஏதாச்சும் பேசு. என்னத் திட்டு. நேத்தே சொல்லி இருக்கணும், என் தப்புதான். திட்டேன் மதி, நீ இப்படி கம்முனு வந்தா எனக்கு வண்டியே ஓட்ட வரல."

திட்ட வரவில்லை. அவன் நம்பரை எழுதிக்கொடுத்தவள் நான்தானே.

செஞ்சிக்குள் நுழையும்போது இரண்டு தாண்டிப் பத்து நிமிஷம். ராஜகிரிக் கோட்டைக்கு மேலே மேகம் இல்லாமல் வெயில் வெள்ளையாக அடித்தது. தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. ஆறு வருஷமாக மனுஷ சத்தம் வராத வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. நடுவில் ஹுசைன் பீ அக்கா, முக்காடு நழுவ, அன்புமணியின் பைக்குக்கு முன்னால் கையை விரித்து நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுச் சாக்கடத் தண்ணி எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்குது. இதக் கேக்க நாதி இல்லியா? நீ பதில் சொல்லிட்டுப் போ. எங்க வேணா போ, பதில் சொல்லிட்டுப் போ!"

அந்தத் தெருவில் சாக்கடைத் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. இரண்டு வாரமாக மழையும் இல்லை.

அன்புமணி பைக்கை ஸ்டார்ட் செய்துவைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றான். பின்னால் மணிமொழி. புதுப் புடவை, தலை கொள்ளாத மல்லி, கையில் துணிப்பை. ஊர்வலத்துக்கு அலங்கரித்தது போல இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் தாழ்ந்தது. அவளிடம் நான் சொன்ன பொய் அந்தப் பார்வையில் இருந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

"நல்ல வேள, வந்துட்டீங்க மேடம்" என்றான் அன்புமணி. "வெள்ளிக்கெழம வருவீங்கன்னு பாத்தேன். பரவால்ல, இப்பவே திருத்திடலாம். மணி, மேடத்துகிட்ட சரியான மார்க்கச் சொல்லிட்டு வா. நேரம் ஆவுது."

நான் டேப்பைத் திறந்தேன். எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ இழுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். போலீஸ் வருகிறவரை நாற்பத்து நாலு கேள்வியையும் நாற்பத்து நாலு தடவை கேட்கவும் தயாராக இருந்தேன். ஆனால் விதி ஒன்று இருக்கிறதே.

"நீங்க பக்கத்துல இருக்கக் கூடாதுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்" என்று சிரித்தான். "வண்டில ஏறு மணி."

மணிமொழி ஒரு அடி எடுத்துவைத்தாள். ஹுசைன் பீ அக்கா எட்டி அவள் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தாள். அன்புமணி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பை விட்டான். "பைய வுடு!" என்று அவன் போட்ட சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. அந்த இழுபறியில் பையின் காது அறுந்து, உள்ளே இருந்தது எல்லாம் தெருவில் கொட்டியது.

ஒரு வேட்டி. ஒரு சட்டை. ஒரு துண்டு. ஷேவிங் செட். பல் துலக்க ஒரே ஒரு பிரஷ்.

ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு ராத்தங்கி மறுநாள் திரும்புவதாக இருந்தார்களாம், பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பையை அவன் கட்டியிருக்கிறான், அவளிடம் தூக்கக் கொடுத்திருக்கிறான். அதில் அவளுக்கென்று ஒரு ஜாக்கெட்கூட இல்லை. மணிமொழி குனிந்து அந்தத் துணிகளைப் பார்த்தாள். சட்டையை எடுத்து உதறி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பையைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பைக் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றாள். குரல் உடைந்து வந்தது. மறுபடியும், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "மேடம்!" என்றாள். "நான் சொன்ன மார்க்கு எல்லாம் சரியாத்தான் இருக்குது. நம்பர்தான் தப்பு. அந்த நம்பர எடுத்துட்டு வேற போடுங்க."

"எந்த நம்பரும்மா?" என்றேன். அவளிடம் போன் இல்லை. ஹுசைன் பீ அக்காவிடமும் இல்லை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் பெண்களும் இருந்தார்கள், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொல்ல அவர்களிடம் நம்பர் இல்லை. நான் என்னுடைய நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவள் படிவத்தில் எழுதினேன், பத்து எண்களையும், ஒவ்வொன்றாக. பக்கத்தில் இனியன் வந்து நின்றுகொண்டான். ஹுசைன் பீ அக்கா மணிமொழியைத் தோளோடு அணைத்து எதிர்வீட்டுக்குள் அழைத்துப் போய், உள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அன்புமணி அவசரப்படவில்லை. கொட்டிக் கிடந்த துணிகளைப் பொறுக்கி மடித்தான். "சரிங்க மேடம்" என்று தலையை ஆட்டிவிட்டு, மலையனூர்ப் பக்கம் வண்டியை விட்டான். அவன் போய்க் கால் மணி நேரம் கழித்துப் பெண் போலீஸ் இருவர் வந்தார்கள். ஹுசைன் பீ அக்கா வீட்டில் உட்கார்ந்து மணிமொழி சொல்லச் சொல்ல எழுதினார்கள். சாயங்காலம் விழுப்புரத்துக்கு அழைத்துப் போனார்கள். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவனை மலையனூரில் தேடியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கிடைக்கவில்லையாம்.

அடுத்த நாள் முழுக்க நானும் இனியனும் வீடு வீடாகப் போனோம். முப்பத்தெட்டு வீட்டிலும் தாளை மாற்றி என் நம்பரைக் கொடுத்தேன். படிவத்தில் இருந்த நம்பர்களை அழிக்கச் சொல்லி சுந்தரமூர்த்தி சாரிடம் கத்தினேன். இந்தத் தடவை, அழிக்கச் சொல்கிறேன் என்றார். ஹுசைன் பீ அக்காவுக்கு பாய் ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் அவருக்குத் திட்டு விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. எனக்கு மனப்பாடமாகிவிட்ட நம்பர். இனியன் வேண்டாம் என்று தலையாட்டினான். எடுத்தேன்.

"மேடம், வெள்ளிக்கெழம ஆச்சே. வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றது அந்தப் பணிவான குரல். "வர்றீங்களா? மார்க்குல ஒரு சின்னத் திருத்தம். அவசரம் இல்ல. அடுத்த அமாவாசைக்குள்ள பண்ணாப் போதும்."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நான் போனை வைக்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டேன். இனியன் தன் போனில் அதைப் பதிவு செய்தான். நான் நோட்டை எடுத்துத் தேதியும் நேரமும் போட்டு, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். அடுத்த அமாவாசைக்கு இருபத்தெட்டு நாள் இருக்கிறது. எங்கேயாவது எழுதி இருந்தால் போதும் என்று மணிமொழி சொன்னாள். போதாது என்று எனக்கு இப்போது தெரியும், அதனால் எழுதி முடித்த கையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.